செலக்டர் எதில் இருந்தது?

சென்ற மாதம் எங்கள் பழைய பவர் பிரிவில் இப்போது வேலை பார்க்கும் இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கோயம்புத்தூர் செல்போன் டவர்களையெல்லாம் இனி வேறு மாநிலத்தில் இருக்கும் ஓர் அறையிலிருந்து கவனிக்கப் போகிறார்களாம். இங்கிருந்த கண்ட்ரோல் ரூமைப் பூட்டியாயிற்றாம். "ஆரம்பத்துல எப்படீங்க இருந்துச்சு, எழுதிக் குடுங்க, எல்லார்த்துக்கும் அனுப்பி வைக்கறோம்" என்றார்கள். ஜெனரேட்டரைப் பற்றியும் பேட்டரியைப் பற்றியும் எழுத எனக்கென்ன சிரமம், இரண்டு நாளில் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். உட்கார்ந்து எழுதினால் நான்காவது வரியிலேயே ஆரோக்கியராஜ் வந்து நிற்கிறான். அவனை விட்டுவிட்டு எழுதிப் பார்த்து மூன்று முறை கிழித்துப் போட்டேன். நான் வேலை பார்த்த காலத்தில் டீசல் நாற்றத்துக்கு அடுத்தபடியாக என்னை விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது அவன் மேல் எனக்கிருந்த பொறாமைதான். அதனால் அதையே எழுதிவிடுகிறேன். படிக்கிறவர்கள் என்ன நினைத்தாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

ஐடிஐ முடித்து ஒரு நூற்பாலையின் எலக்ட்ரிகல் பிரிவில் ஒன்பது வருடம் இருந்தேன். அங்கே எனக்குக் கீழே ஹெல்பராகச் சேர்ந்தவன் ஆரோக்கியராஜ். கருமத்தம்பட்டிக்காரன், என்னைவிட நான்கு வயது சின்னவன். தொண்ணூறுகளின் கடைசியில் மில் படுத்தபோது செல்போன் கம்பெனி ஒன்று நம் பக்கம் வந்து டவர் நட ஆரம்பித்திருந்தது. இருவரும் ஒரே நாளில் அங்கே போய்ச் சேர்ந்தோம். பதினைந்து நாள் பயிற்சி, ஆளுக்கொரு பைக், ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு டவர். எனக்கு மேற்கே தொண்டாமுத்தூர் பக்கம், அவனுக்குக் கிழக்கே சோமனூர், கருமத்தம்பட்டி பக்கம்.

டவர் என்றால் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். எங்கள் வேலை கீழே. டவரின் அடியில் பூட்டிய ஓர் அறை. அதற்குள் சிக்னல் அனுப்பும் கருவி, அது சூடேறாமல் இருக்க இரண்டு ஏசி, கரண்ட் போனால் கருவியைத் தாங்க ஒரு வரிசை பேட்டரி. வெளியே கம்பிக் கூண்டுக்குள் டீசல் ஜெனரேட்டர். கரண்ட் போய், பேட்டரியும் இறங்கி, ஜெனரேட்டரும் கிளம்பாவிட்டால் டவர் செத்துவிடும். அந்த வட்டாரத்தில் ஒரு செல்போனும் பேசாது. முதல் வருடம் டவர் செத்த விஷயமே யாராவது சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். சோமனூரிலிருந்து தறிக்காரர் ஒருவர் ஆபீசுக்கு லேண்ட்லைனில் கூப்பிட்டு, "ஏனுங்க, உங்க போனு ஊமையாப் போச்சுங்க, வந்து பாக்கறீங்களா, இல்ல இத உண்டியல்ல போட்டறட்டுங்களா?" என்று கேட்பார். அப்புறம்தான் பைக்கை எடுப்போம்.

பிறகு பெட்டி வந்தது. சூட்கேஸ் அளவில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டியை ஒவ்வொரு டவர் அறையிலும் சுவரில் அடித்தார்கள். கரண்ட் இருக்கிறதா, பேட்டரி எத்தனை வோல்ட், அறை எவ்வளவு சூடு, கதவு திறந்திருக்கிறதா என்று எல்லாவற்றையும் அது கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லிவிடும். சொல்வது மட்டுமில்லை, அங்கிருந்து சொன்னால் கேட்கவும் செய்யும். கோயம்புத்தூர் ராமநாதபுரத்தில் மூன்றாவது மாடி ஏசி அறையில் உட்கார்ந்து ஒருவன் விசைப்பலகையைத் தட்டினால் தொண்டாமுத்தூர் தென்னந்தோப்புக்குள் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டு எழும்பும். முதல் தடவை அதை நேரில் பார்த்தபோது நான் கூண்டுக்கு வெளியே வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அடுத்த நிமிடமே, அந்த நாற்காலியில் யாரைப் போடப் போகிறார்கள் என்ற எண்ணம் வந்துவிட்டது. சீனியர் நான்தான் என்பதால் பெரிதாகக் கவலைப்படவில்லை.

எங்கள் மேலாளர் ரங்கநாதன் சார். யாரையும் ஒருமையில் அழைக்க மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். திட்ட வேண்டுமென்றால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார், அவ்வளவுதான். நாங்கள் சொல்வதை நம்பவில்லை என்றால் "அப்படீங்களா" என்பார். ஒரு விஷயத்தை ஒரே நாளில் அல்லது மறுநாளுக்குள் மூன்று முறை கேட்பார். மூன்று முறையும் அதே வார்த்தைகள், அதே குரல். மூன்று பதிலும் ஒன்றாக இருந்தால் அதை உண்மை என்று எடுத்துக்கொள்வார். பாராட்டு என்பது அவரிடம் ஒரே சொல்தான்: "பரவாயில்லீங்க." அந்தச் சொல்லுக்காக நான் பேட்டரி டெர்மினலைப் பல் விளக்குவதுபோல் பிரஷ் போட்டுத் தேய்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட எனக்குக் கிடைத்ததில்லை.

நாற்காலிக்கு ஆள் எடுக்க என்னையும் ராஜையும் சேர்த்தே கூப்பிட்டார். கேட்டது ஒரே கேள்வி.

"கரண்ட் போச்சு, பேட்டரி இறங்கிட்டே வருது, ஜெனரேட்டர் கெளம்பல. மொதல்ல என்னங்க செய்வீங்க?"

"மறுபடியும் ஸ்டார்ட் குடுப்பேனுங்க. கேக்கலீன்னா ஆளைப் பைக்குல அனுப்பிச்சுடுவேனுங்க" என்றேன், மடமடவென்று.

ராஜ் கொஞ்சம் யோசித்தான். "அங்க யாராச்சும் ஆளு இருக்காங்களான்னு மொதல்ல கேப்பேனுங்க சார்."

"பரவாயில்லீங்க" என்றார் ரங்கநாதன் சார். அவனைப் பார்த்து.

எனக்கு வயிறு எரிந்தது என்று எழுதினால் அது குறைத்துச் சொன்னதாகும். இன்னொன்றையும் எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். அவனுடைய அப்பா எங்கள் மாமா தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர். எங்கள் வீடுகளில் அவர்களுக்கு டம்ளர் தனி. நான் படித்தவன், மில்லில் அவனோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன், அதெல்லாம் எனக்குக் கிடையாது என்றுதான் என்னைப் பற்றி நினைத்திருந்தேன். அவன் ஏசி அறையில் உட்கார்ந்து, "அண்ணா, கதவு தொறந்தே கெடக்குதுங்ணா, சித்தெ சாத்திருங்க" என்று எனக்குச் சொன்ன அன்றைக்குத்தான், அதெல்லாம் எனக்கும் இருக்கிறது என்று தெரிந்தது. வேறு யாராவது சொல்லியிருந்தால் அவ்வளவு சுட்டிருக்காது.

வீட்டிலும் நிம்மதி இல்லை. என் மனைவி சரஸ்வதி அவனை ஒரு கல்யாணத்தில் பார்த்துவிட்டு வந்தாள். "ராஜு தம்பி சட்டை கசங்காம எப்படி ஜம்முன்னு இருக்காப்டி. நீங்களும் அவரோடதான சேந்தீங்க, உங்க சட்டைய ஊறப்போட்டா ஊடு பூராவும் டீசல் நாறுது" என்றாள். அன்று நான் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். கோபம் அவள் மேல் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இனிமேல் வருவதைப் புரிந்துகொள்ள எங்கள் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜெனரேட்டரின் பானலில் ஒரு செலக்டர் ஸ்விட்ச் உண்டு. அது ஆட்டோவில் இருந்தால் பெட்டி சொல்கிறபடி இன்ஜின் கிளம்பும். மேனுவலில் இருந்தால் பெட்டியின் பேச்சு எடுபடாது, ஆள் நின்று பட்டனை அழுத்தினால்தான் கிளம்பும். இன்ஜினில் கை வைப்பதற்கு முன்னால் செலக்டரை மேனுவலுக்குத் திருப்பி, அதன் சாவியை உருவி, சட்டையின் மேல்பையில் போட்டு, பையை ஒருமுறை தட்டிப் பார்ப்போம். வேலை முடிந்ததும் சாவியைச் செருகி ஆட்டோவுக்குத் திருப்பிவிட்டுத்தான் கூண்டைப் பூட்டுவோம். எங்கள் ஆட்களிடையே மேனுவல் என்றால் ஒரே அர்த்தம்: ஆள் கை உள்ளே இருக்கிறது. ஓடும் பெல்ட்டுக்குள் விரல் போனால் திரும்பி வராது.

ஆனால் சில ஆட்கள் வேலை முடிந்து ஆட்டோவுக்குத் திருப்ப மறந்துவிட்டு வந்துவிடுவார்கள். அதனால் கம்பெனி பெட்டிக்குள் இன்னொரு வசதியும் வைத்திருந்தது. அதற்குப் பெயர் ஃபோர்ஸ் ஸ்டார்ட். செலக்டர் எதில் இருந்தாலும் சரி, அதைத் தட்டினால் இன்ஜின் கிளம்பிவிடும்.

ராஜுக்கு அது பிடிக்கவில்லை. நாற்காலிக்கு வந்த இரண்டாவது மாதமே, விடுமுறை நாட்களில் ஒவ்வொரு டவராகப் போய், செலக்டரிலிருந்து பெட்டிக்கு ஒரு வயர் இழுத்தான். கம்பெனி வரைபடத்தில் அப்படி ஒரு வயர் கிடையாது. செலக்டர் மேனுவலுக்குப் போனால் கண்ட்ரோல் ரூம் திரையில் அந்த டவரின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு கோடு விழும். என் டவருக்கும் வந்தான்.

"எதுக்குடா இந்த வேண்டாத வேலை?" என்றேன்.

"ஃபோர்ஸ் ஸ்டார்ட் இருக்குதல்லீங்ணா. நீங்க கை வச்சிருக்கறது அங்க உக்காந்திருக்கறவனுக்குத் தெரியோணுமல்ல."

நான் எங்கே இருக்கிறேன், எப்போது வேலையை முடிக்கிறேன் என்று உளவு பார்க்கத்தான் வயர் இழுக்கிறான் என்று என் மனசு சொன்னது. அவன் வயரைப் பொருத்தும்போது டார்ச் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்தான். வேண்டுமென்றே கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

அந்த வருடம் மழை முடிந்ததும் சென்னையிலிருந்து பெரியவர்கள் மூன்று பேர் பெட்டியின் வேலையைப் பார்க்க வந்தார்கள். எல்லா ஊர்களிலும் இதை வைக்கலாமா என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அது நன்றாக நடந்தால் ராஜ் அங்கேயே நிரந்தரம், இன்ஜினியர் பதவியும் தருவார்கள் என்று ஆபீசில் பேச்சு. காலை பதினொரு மணிக்குத் தொண்டாமுத்தூர் டவரில் கரண்ட்டைக் கண்ட்ரோல் ரூமிலிருந்தே நிறுத்தி, ஜெனரேட்டரையும் அங்கிருந்தே கிளப்பிக் காட்டுவதாக ஏற்பாடு. யானை வந்து கூண்டுக் கம்பியை வளைத்துவிட்டுப் போன டவர் அது. ஆள் போகவே யோசிக்கும் இடத்தில் மெஷின் தானே ஓடுகிறது என்று காட்டினால் எடுப்பாக இருக்கும் அல்லவா?

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து வைக்க என்னைக் காலையிலேயே அனுப்பியிருந்தார்கள். டீசல், ரேடியேட்டர் தண்ணீர், பெல்ட் என்று எல்லாம் பார்த்தேன். முடித்தேன். சாவியைச் செருகி ஆட்டோவுக்குத் திருப்ப வேண்டியதுதான் பாக்கி. திருப்பவில்லை. மேனுவலிலேயே விட்டு, கூண்டைப் பூட்டி, தொண்டாமுத்தூர் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்திலிருந்த பேக்கரிக்குப் போய் ஒரு தேங்காய் பன்னும் டீயும் சொன்னேன்.

மறந்துவிட்டேன் என்று எழுத எனக்கு ஆசைதான். மறக்கவில்லை. நான் போட்ட கணக்கு இதுதான்: ராஜ் தட்டுவான், இன்ஜின் கிளம்பாது. பெரியவர்கள் முன்னால் அவன் முகம் ஒரு பத்து நிமிடம் சுண்டிப்போகும். எனக்குப் போன் அடிப்பான், "அண்ணா, ஆட்டோல போட்டுருங்ணா" என்று கெஞ்சுவான். நான் ஆபத்பாந்தவனாகப் போய்த் திருப்பிவிடுவேன். இந்தப் பழனிச்சாமியின் கை இல்லாமல் உங்கள் பெட்டி ஓடாது என்று அந்த மூன்று பேருக்கும் தெரிய வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.

போன் அடித்தது. கம்பெனி கொடுத்த செல்போன், செங்கல் கனம். கண்ட்ரோல் ரூம் நம்பர். கொஞ்சம் வேர்க்கட்டும் என்று விட்டேன். மறுபடியும் அடித்தது. பன்னைத் தின்று முடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து மூன்றாவது தடவை அடித்தபோது எடுத்தேன்.

"பழனிச்சாமி, செலக்டர் எதுல இருந்துச்சுங்க?" ரங்கநாதன் சார் குரல்.

"ஏனுங்க சார்? என்னாச்சுங்க?"

அவர் எப்போதும்போல நிதானமாகச் சொன்னார். திரையில் மஞ்சள் கோடு விழுந்திருந்ததாம். ராஜ் எனக்கு இரண்டு தடவை போன் செய்து பார்த்தானாம். சென்னைக்காரர்களில் ஒருவர், "அதான் ஃபோர்ஸ் ஸ்டார்ட் இருக்கே, தட்டுப்பா" என்றாராம். ராஜ் விசைப்பலகையிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துவிட்டானாம். "மேனுவல்ல இருந்தா பழனியண்ணன் கை உள்ள இருக்குதுங்க. அவரு வேலை முடிஞ்சு மேனுவல்ல உட்டுட்டு வந்ததே கெடையாதுங்க. போனும் எடுக்கலீங்க. நான் தட்ட மாட்டேனுங்க" என்றானாம். வேறு டவரில் காட்டுகிறேன் என்று சொல்லிப் பார்த்திருக்கிறான். சென்னைக்காரர்களுக்கு மூடு போய்விட்டது. கிளம்பிவிட்டார்கள்.

டீ டம்ளர் என் கையில் அப்படியே இருந்தது. நான் இதை நினைக்கவே இல்லை. பயந்து தட்டுவான், அல்லது திணறுவான் என்று நினைத்தேன். என் ஒழுங்கை நம்பித் தன் நாற்காலியைப் பணயம் வைப்பான் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் அவன் இடத்தில் இருந்திருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டேன். அதனாலேயே எனக்குத் தோன்றவில்லை.

"செலக்டர் எதுல இருந்துச்சுங்க?" என்று மறுபடி கேட்டார்.

மேனுவல், வேலையில் இருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்தான், ஆனால் அவன் செய்தது சரி என்று ஆகியிருக்கும். மேனுவல், மறந்துவிட்டேன் என்றும் சொல்லியிருக்கலாம். என் பெயர் கெட்டிருக்கும், அவன் தப்பித்திருப்பான்.

"ஆட்டோலதானுங்க சார் இருந்துச்சு" என்றேன்.

"அப்படீங்களா."

பைக்கை முறுக்கிக்கொண்டு டவருக்குப் போய் ஆட்டோவுக்குத் திருப்பினேன். அன்று மாலை ஆபீசில் ராஜை வைத்துக்கொண்டு இரண்டாவது முறை கேட்டார். கைக்கடிகாரம் மேசை மேல் இருந்தது. ஆட்டோ என்றேன். மறுநாள் காலை மாடிப்படியில் என்னை நிறுத்தி மூன்றாவது முறை கேட்டார். ஆட்டோ என்றேன். மூன்றும் ஒன்றாக இருந்ததால் அவருக்கு அது உண்மையாகிவிட்டது. வரைபடத்தில் இல்லாத வயர்தான் பொய் சொல்லியிருக்கிறது என்று முடிவு செய்தார். இனி யாரும் அந்த மஞ்சள் கோட்டை நம்ப வேண்டாம் என்று எழுத்தில் உத்தரவு போட்டார். அவர் காலமாகும் வரை நான் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை.

இரண்டாவது முறை கேட்டபோது ராஜ் என்னைத் திரும்பிப் பார்த்தான். சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவன், "அண்ணன் சொன்னாச் செரியா இருக்குமுங்க சார். வயர்ல கோளாறா இருந்திருக்கும்" என்றான். அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்துவிட்டது. அந்த நேரத்திலும் எனக்கு அவன் மேல் இரக்கம் வரவில்லை. இப்படி ஒரு வார்த்தையைச் சொல்ல இவனால் எப்படி முடிகிறது என்று ஆத்திரம்தான் வந்தது.

அடுத்த வாரம் இடம் மாற்றினார்கள். அவன் மறுபடியும் பைக்கில் கிழக்குப் பக்கம். நான் மூன்றாவது மாடியில், ஏசியில், அந்த நாற்காலியில். சரஸ்வதி எனக்கு இரண்டு புதுச் சட்டை எடுத்துக் கொடுத்தாள்.

நாற்காலி கிடைத்தால் வயிறு ஆறிவிடும் என்றுதானே நினைப்போம். எனக்கு ஆறவில்லை. சோமனூர் டவரைப் பார்த்துக்கொள்ளும் வாட்ச்மேன் ஒருநாள் போனில், "ராஜு தம்பி வந்தா நேரம் போறதே தெரியறதில்லீங்க, இப்பத்தான் எளநி வெட்டிக் குடுத்தனுங்க" என்றார். நான் பைக்கில் சுற்றிய காலத்தில் எனக்கு ஒருவரும் இளநீர் வெட்டித் தந்ததில்லை. சந்தைக்கு வந்தவனைப்போல் காசை நீட்டித்தான் வாங்கிக் குடித்திருக்கிறேன். திரையில் அவனுடைய டவர்களெல்லாம் பச்சையாக இருந்தால் எனக்கு எரிச்சல். ஏதாவது ஒன்று சிவந்தால் மனசுக்குள் ஒரு குளிர்ச்சி. கண்ட்ரோல் ரூம் ஆள் சொல்லக்கூடிய பேச்சா இது?

ஐந்தாறு மாதம் போயிருக்கும். அன்று கருமத்தம்பட்டி பக்கம் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்தடை. அந்த டவர் சாதாரண டவர் இல்லை. அவிநாசி ரோட்டில் இருக்கும் மற்ற ஐந்து டவர்களுக்கும் அதன் வழியாகத்தான் தொடர்பு. அது செத்தால் ஆறும் சாகும். காலையிலிருந்து ஜெனரேட்டர் ஒழுங்காக ஓடியது. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், நின்றுபோயிருந்தது. ஏன் நின்றது என்று பெட்டி சொல்லாது. ராஜுக்குச் சொன்னேன். "இதா வாரேனுங்ணா" என்றான். இருபது நிமிடத்தில் திரையில் டவர் அறைக் கதவு திறந்ததாகக் காட்டியது. கொஞ்ச நேரத்தில் மஞ்சள் கோடு விழுந்தது.

பேட்டரி நாற்பத்தேழு வோல்ட். நாற்பத்துமூன்றுக்கு வந்தால் கருவி அணைந்துவிடும். நாற்பத்தாறு. ராஜுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. சென்னையிலிருந்து ரங்கநாதன் சாருக்குப் போன் மேல் போன். அவர் எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். நாற்பத்தைந்து. இரண்டாம் தடவை அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது.

"எதுக்குங்க பாத்துட்டிருக்கீங்க? ஃபோர்ஸ் ஸ்டார்ட் குடுங்க" என்றார்.

"மஞ்சக் கோடு உழுந்திருக்குதுங்க சார்."

"அதுதான் பொய்யாச்சே. குடுங்க."

அந்தக் கோடு ஒருநாளும் பொய் சொன்னதில்லை என்பது அந்த அறையில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். அதைச் சொல்ல வேண்டுமானால் மற்றதையும் சொல்ல வேண்டும். நான் ராஜின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். அங்கே நான் பேக்கரியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். பழிவாங்குகிறான், நான் செய்ததை எனக்கே திருப்பிச் செய்கிறான், போனைக்கூட அதே மாதிரி எடுக்காமல் விடுகிறான் என்று பட்டென்று தோன்றிவிட்டது. விடக்கூடாது என்று நினைத்தேன். தட்டினேன்.

தட்டிய பிறகுதான் அவன் விரல்கள் நினைவுக்கு வந்தன. மில்லில் மோட்டாருக்கு வைண்டிங் சுற்றும்போது செப்புக் கம்பியைக் கட்டைவிரலால் நீவிவிட்டுக்கொண்டே பேசுவான். பெட்டி ஒரு முறை ஸ்டார்ட் செய்து பார்க்கப் பத்து வினாடி எடுக்கும், கிளம்பாவிட்டால் கொஞ்சம் நிறுத்தி மறுபடி செய்யும், மொத்தம் மூன்று முறை. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளம்பாதே, கிளம்பாதே என்று ஒரு ஜெனரேட்டரைப் பார்த்து நான் வேண்டிக்கொண்டது என் சர்வீசிலேயே அன்று ஒருநாள்தான்.

மூன்று முறையும் கிளம்பவில்லை. திரையில் சிவப்பாக வந்தது. ரங்கநாதன் சார் பெருமூச்சு விட்டார். நாற்பத்துநான்கரை. நாற்பத்துநான்கு. அப்போது மஞ்சள் கோடு இருக்கும்போதே ஜெனரேட்டர் பச்சையாக மாறியது. அங்கே யாரோ பட்டனை அழுத்திக் கிளப்பியிருக்கிறார்கள். பேட்டரி மேலே ஏற ஆரம்பித்தது. ஆறு டவரும் பிழைத்தன.

ரங்கநாதன் சார் என் தோளில் கை வைத்தார். "கெளம்புச்சோ கெளம்பலியோ, சொன்னதும் தட்டுனீங்க பாருங்க. பரவாயில்லீங்க" என்றார். எத்தனை வருடம் காத்திருந்த சொல். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் தன் அறைக்குப் போய்விட்டார்.

போன் அடித்தது. ராஜ்.

"பெல்ட் அந்துபோச்சுங்ணா. அதுலதான் நின்னிருக்குது. புதுசு மாட்டி ஓட்டிவிட்டுட்டேன். போனு பைக்குப் பையில இருந்துச்சு, கேக்கலீங்க."

"ராஜு, கை…" என்றேன்.

"கை நல்லா இருக்குதுங்ணா. ஸ்டார்ட்டிங் பேட்டரி வயரக் கழட்டி வச்சுப்போட்டுத்தான் உள்ள கை உட்டேன். பெல்ட்டு மாட்டீட்டு இருக்கறப்பவே பானலுக்குள்ள ஸ்டார்ட் ரிலே டக்குன்னு அடிச்சுது. மூணு வாட்டி. வயரு இல்லாததால இன்ஜின் சுத்துலீங்க."

லாரியைப்போல இந்த இன்ஜின் கிளம்பவும் தனியாக ஒரு பேட்டரி உண்டு. அதன் வயரைக் கழற்றிவிட்டால் யார் எங்கிருந்து தட்டினாலும் கிளம்பாது. ஆனால் அது ஸ்பானர் எடுத்துச் செய்கிற வேலை, திரும்ப மாட்டுவது இன்னொரு வேலை. எங்களில் யாரும் அதைச் செய்ததில்லை. ராஜும் செய்து நான் பார்த்ததில்லை.

"மேனுவல்ல போட்டு, சாவியும் பையில வச்சிருந்தீல்ல. அப்புறம் எதுக்கு வயரையும் கழட்டுனே?" என்று கேட்டேன்.

பின்னால் ஜெனரேட்டர் ஓடும் சத்தம் கேட்டது. குரலில் கோபமோ குத்தலோ எதுவும் இல்லை. எப்போதும்போல மரியாதையாகத்தான் சொன்னான்.

"சீட்டுல நீங்க இருக்கீங்களல்லங்ணா."